குட்டி விற்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்: விற்ற நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் நாய்க்குட்டி விற்கிற எல்லோருக்கும் வணக்கம்.

பெரிய கென்னல் நடத்துகிறவர்கள், மொட்டை மாடியில் நாலு கூண்டு போட்டு வைத்திருக்கிறவர்கள், வீட்டில் செல்லமாக வளர்க்கிற பெட்டை லேப்ரடாரை, அதாவது லேபை, "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்று மேட்டிங்குக்கு விட்டு, பிறந்த எட்டுக் குட்டிகளையும் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்றவர்கள், அப்பா தாத்தா காலத்திலிருந்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்த்து வருகிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும், சிலரோடு போனில் சண்டையும் போட்டிருக்கிறேன். இன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை. ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

நான் சென்னையில், கைவிடப்பட்ட லேப்ரடார்களை எடுத்து வைத்துப் பார்த்து வேறு வீடு தேடிக் கொடுக்கிற ஒரு சின்னக் குழுவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மொத்தம் ஏழு பேர். எங்களுக்கென்று ஷெல்டர் எதுவும் கிடையாது, எங்கள் வீடுகள்தான் இடம். ஒரு நேரத்தில் ஆறு நாய், மிஞ்சிப்போனால் எட்டு. ஆனால் போன் வருவது அதைவிடப் பல மடங்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அதிகம் வரும், ஏனென்று இன்றுவரை தெரியவில்லை, அன்றைக்குத்தான் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள்போல.

கேட்க வந்தது இதுதான். நீங்கள் விற்ற நாய், அது எட்டு மாதத்தில் என்றாலும் எட்டு வயதில் என்றாலும், வாங்கியவரால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால், முதல் போன் உங்களுக்கு வர வேண்டும், நீங்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. நாயைத்தான் சொல்கிறேன்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், ஒரு நாய் ஷெல்டருக்கு வந்து சேர்கிற கதை அது வந்த அன்றைக்குத் தொடங்குவதில்லை. பெரும்பாலும் குட்டி கைமாறிய அன்றைக்கே தொடங்கிவிடுகிறது, அந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

போன வருடம் ஆடி மாதத்தில் வண்டலூர் தாண்டி ஒரு காலி மனையில் ஒரு மஞ்சள் லேப் கிடப்பதாகச் சொன்னார்கள், போய்ப் பார்த்தோம். பெட்டை. பல்லைப் பார்த்து ஏழு வயது இருக்கும் என்றார் டாக்டர். மடி தொங்கித் தரையில் இடித்தது. கழுத்தில் சங்கிலி கிடந்த இடத்தில் முடியே இல்லை. சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து இரண்டு முழங்கையிலும் காய்ப்பு ஏறியிருந்தது. பின்னால் சீழ் வடிந்துகொண்டிருந்தது, கருப்பை முழுக்க சீழ், அன்று ராத்திரியே வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. வரிசையாகக் குட்டி போடவைத்து, கடைசியில் ஈத்து நின்றதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப் கிடையாது, கழுத்துப் பட்டைகூடக் கிடையாது.

பெயர் தெரியாத நாய் வந்தால் நாங்கள் எப்போதும் ஒன்று செய்வோம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கிற நாய்ப் பெயரையெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவோம். ரோஸி, ஜூலி, டாலி, பிங்கி, ஸ்வீட்டி, லைக்கா, பிரவுனி, லக்கி. ஏதாவது ஒன்றுக்குக் காது சட்டென்று திரும்பும், வால் தரையில் ஒரு தட்டு தட்டும், அப்புறம் பாதி வேலை முடிந்த மாதிரி, தன்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அது சாப்பிட ஆரம்பித்துவிடும். இவளுக்கு மூன்று நாள் சொல்லிப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் அம்மா சமையலறையில் எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்தார், அந்தச் சத்தத்துக்கு மட்டும் எழுந்து நின்றாள். ஏழு வருடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, தட்டு வைக்கிற சத்தம்தான் அவளுக்குப் பெயர். இப்போது செல்லி என்று கூப்பிட்டால் வருவாள். தாம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் இருக்கிறாள், மாடிப்படி ஏறக் கற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

உங்களில் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்களும் உங்கள் தொழிலில்தான் இருக்கிறார்கள், அவர்கள் யாரென்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, வீடுகளிலிருந்து வருகிற நாய்களைப் பற்றிச் சொல்கிறேன். "ஏன் கொடுக்கிறீர்கள்" என்று கேட்டால் வருகிற பதில்களை எழுதிவைத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், அத்தனை முறை அதே பதில்கள். வாடகை வீடு மாறுகிறோம், புது ஓனர் நாய் கூடாது என்கிறார். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. மருமகள் மாசமாக இருக்கிறாள். குழந்தைக்கு வீசிங். வாக்கிங் கூட்டிக்கொண்டு போன தாத்தா தவறிவிட்டார். நாய் வந்ததிலிருந்து வீட்டில் நேரம் சரியில்லை என்று யாரோ ஜாதகம் பார்த்துச் சொன்னார். கடிக்கிறது. எல்லாவற்றையும் கடித்துக் குதறுகிறது. முடி கொட்டுகிறது. செலவு தாங்கவில்லை.

இவர்களையெல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அழுதுகொண்டே நாயை ஒப்படைத்துவிட்டு, வண்டி கிளம்பின பிறகும் தெருமுனை வரை பின்னாலேயே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தா இறப்பதையும் வீடு மாறுவதையும் யாராலும் தடுக்க முடியாது, அதற்கு உங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பட்டியலின் கடைசி நாலைந்து காரணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை குட்டியைக் கையில் கொடுக்கும்போது பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசியிருந்தால் வந்தேயிருக்காது.

லேப் எதற்காக உருவான நாய் என்று வாங்குகிறவருக்கு யாராவது சொல்கிறீர்களா? நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் நீந்தி வலையையும் மீனையும் வாயில் கவ்விக் கொண்டுவந்த நாய்களின் வழிவந்தது அது, பிறகு இங்கிலாந்தில் சுட்ட பறவையைக் கசங்காமல் கவ்விக் கொண்டுவரப் பழக்கப்பட்டது. அதற்கு வாய்தான் கை. செருப்பு, ரிமோட், சோபா நுனி, உங்கள் மணிக்கட்டு எல்லாவற்றையும் வாயில் எடுத்துப் பார்க்கத்தான் செய்யும். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அது முப்பது கிலோ எடையுள்ள குழந்தை. அந்த வயதில்தான் எங்களுக்கு அதிக லேப்கள் வருகின்றன, "கடிக்கிறது" என்ற புகாரோடு. வந்து பார்த்தால் கடி இல்லை, கவ்வல். ஒரு கயிறும் ஒரு பந்தும் காலையில் நாற்பது நிமிட ஓட்டமும் இருந்தால் தீர்ந்துபோகிற விஷயம். அப்புறம் அதன் பசி. எவ்வளவு போட்டாலும் தின்கிறது என்று அலுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பாசத்தில் போட்டுப் போட்டு நாற்பத்தைந்து கிலோ ஆக்கி, இடுப்பு எலும்பு போய் எழுந்திருக்க முடியாத நிலையில் கொண்டுவருவார்கள். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள், ஏறக்குறைய நாலில் ஒரு லேபுக்கு பசியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் ஒரு துண்டு இருப்பதில்லை, அந்த நாய்கள் சாப்பாட்டுக்கு இன்னும் அதிகமாக அலைகின்றன, எடையும் கூடுகின்றன. இதை வாங்குகிறவர் எங்கே போய்ப் படிப்பார்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதோ "டபுள் போன் (கனத்த எலும்பு) சார், ஹெட் பாருங்க சார்".

மற்ற இனங்களுக்கும் இதே கதைதான். 2003 வாக்கில் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே பக் நாய் ஓடியது, அதற்கப்புறம் பல வருடம் ஊரெல்லாம் பக். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும், மூக்கே இல்லாத மாதிரி ஒடுங்கிய முகத்தை வைத்துக்கொண்டு சென்னை வெயிலில் அது என்ன செய்யும்? ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது, அதை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இரண்டு பெட்ரூம் வீட்டில் வைத்து, மின்வெட்டு வந்தால் பாத்ரூமில் படுக்கவைத்து, முடியை ஒட்ட வழித்து, ஊளையிடுகிறது என்று பக்கத்து வீட்டார் புகார் சொன்னதும் எங்களுக்குப் போன் வருகிறது. லாக்டவுன் சமயத்தில் வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று வாங்கின குட்டிகள், ஆபீஸ் திறந்ததும் நாள் முழுக்கத் தனியாகக் கிடந்து கதவைப் பிறாண்டி, 2022-லும் அதற்கு அடுத்த வருடமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை விற்கவும் வளர்க்கவும் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது, ஆனால் இடைப்பட்ட வாரங்களில் பயந்துபோய், அந்தப் பட்டியலில் இருந்த ராட்வைலரை அவிழ்த்துவிட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேர்ந்ததா என்ன. அந்த நாட்களில் எங்களைப் போன்ற எந்தக் குழுவுக்கும் போன் ஓயவில்லை.

இப்போது ஷெல்டர் பக்கம் வாருங்கள். சென்னையில் வீட்டில் நாயால் தொல்லை என்றால் "புளூ கிராஸ்ல விட்டுடலாம்" என்றுதான் பேச்சு எழும். 1959-இல் ஆரம்பித்து, 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிய அமைப்பு அது, அந்தக் காலத்தில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அங்கேயும் நகரத்தில் இருக்கிற மற்ற காப்பகங்களிலும் இடம் யாருக்கானது என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் 2024-இல் எடுத்த கணக்குப்படி தெருநாய்கள் மட்டும் 1.8 லட்சம். வண்டியில் அடிபட்டது, முதுகெலும்பு உடைந்தது, புழு வைத்த புண்ணோடு வந்தது, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் வந்து காலும் தலையும் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருப்பது, இவற்றுக்கே கூண்டு போதவில்லை. அதற்கு நடுவில் ஏசி அறையில் கட்டிலில் படுத்துப் பழகின ஒரு லேபைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அந்த லேப் அங்கே என்ன ஆகும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் கேட்டையே பார்த்து உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் நூறு நாய் குரைக்கும், அது குரைக்காது. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டைத் தொடாது. தடுப்பூசி ஒழுங்காகப் போடாத நாயாக இருந்தால், அப்படித்தான் பாதி இருக்கின்றன, பத்து நாளில் எதையாவது தொற்றிக்கொண்டு படுத்துவிடும். ஷெல்டரில் வேலை செய்கிறவர்கள் மோசமானவர்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களைப் போல உழைக்கிறவர்களை நான் கண்டதில்லை. ஒரு ஆள் அறுபது நாய்க்குச் சோறு வைத்து, கழுவி, மருந்து போட வேண்டும் என்றால், ஒரு நாய் ஏன் சாப்பிடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது.

எங்களைப் போல ஒரே இன நாய்களை மட்டும் எடுத்துப் பார்க்கிற மீட்புக் குழுக்கள் செய்வது அந்த உட்கார்ந்து பார்க்கிற வேலையைத்தான். போன் வந்ததும் நாங்கள் உடனே நாயை எடுத்துக்கொள்வதில்லை, அது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முதலில் கேள்வி கேட்போம். எத்தனை வயது, ஊசி அட்டை இருக்கிறதா, எப்போது கடித்தது, கடிக்கிற முன்னால் என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் கட்டிப்போடுகிறீர்கள். வருகிற போன்களில் மூன்றில் ஒன்றாவது இந்தப் பேச்சிலேயே தீர்ந்துவிடுகிறது. அபார்ட்மெண்ட் சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்கிறது என்று ஒருவர் சொன்னால், அப்படி ஒட்டுமொத்தமாகத் தடை போடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, அதை அனுப்பி வைப்போம். முடி கொட்டுகிறது, நாறுகிறது என்றால் பெரும்பாலும் தோலில் பூஞ்சை, நம் ஊர் ஈரக்காற்றுக்கு லேபுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஒரு மாத மருந்தில் சரியாகும். அந்த நாய் வீட்டைவிட்டுக் கிளம்பாமலே இருந்துவிட்டால் அதைவிட எங்களுக்கு என்ன வேண்டும்.

தீராவிட்டால் நாய் எங்களில் ஒருவர் வீட்டுக்கு வரும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, இடுப்புக்கு எக்ஸ்ரே, பெட்டையோ கடுவனோ கட்டாயம் கருத்தடை. கருத்தடை செய்யாமல் ஒரு நாயையும் கொடுக்க மாட்டோம், ஏனென்றால் "அடாப்ஷன் வேண்டும், பெட்டைதான் வேண்டும், ஆபரேஷன் பண்ணாததா பார்த்துக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். அப்புறம் மூன்று வாரமாவது அந்த வீட்டில் வைத்துப் பார்ப்போம். குழந்தையைக் கண்டால் எப்படி இருக்கிறது, பூனையைக் கண்டால் எப்படி, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறதா, தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறதா. அதற்குத் தகுந்த வீட்டைத் தேடுவோம். வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம், அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: எந்தக் காரணத்துக்காக, எந்த வயதில் இந்த நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, எங்களிடமே திருப்பித் தர வேண்டும். ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிற நாங்கள் அந்தப் பொறுப்பை எழுதி வாங்கிக்கொள்கிறோம். காசு வாங்கிக் கொடுக்கிற உங்களிடம் அதைக் கேட்பது அதிகமா?

இனம் தெரிந்தவர்கள் கையில் நாய் போய்ச் சேர்வது எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு பெங்களூரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மருந்து ஆய்வகங்களில் சோதனைக்கு வைத்திருந்த பீகிள் இன நாய்களை வெளியே எடுத்து வீடு பார்த்துக் கொடுக்க, கூபா என்கிற விலங்கு நல அமைப்பு 'ஃப்ரீகிள்ஸ் ஆஃப் இந்தியா' என்று தனியாகவே ஒரு முயற்சி நடத்துகிறது. பிறந்ததிலிருந்து கூண்டுக்குள் இருந்த நாய்கள், புல் தெரியாது, படி தெரியாது, பிரஷர் குக்கர் சத்தம் தெரியாது. அந்த நாய்க்குப் பொது ஷெல்டரில் ஒரு மூலைதான் கிடைத்திருக்கும். பீகிள் மோப்பம் பிடித்தால் கூப்பிட்டாலும் திரும்பாது, கேட் திறந்திருந்தால் போய்விடும், இன்னொரு நாய் கூட இருந்தால்தான் தைரியம் வரும் என்றெல்லாம் தெரிந்தவர்கள் எடுத்ததால் அவை வீட்டு நாய் ஆகின.

ஜாதி நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு, நாட்டு நாய் உயிர் இல்லையா என்று எங்களைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் வீட்டில் என்னோடு இருக்கிற இரண்டும் தெருவில் எடுத்த நாட்டு நாய்கள்தான், நாய் வேண்டும் என்று வருகிறவர்களிடம் முதலில் அவற்றைத்தான் காட்டுவேன். ஆனால் ஒவ்வொரு லேபும் ஷெல்டருக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வரும்போது அங்கே ஒரு கூண்டு மிச்சமாகிறது, அன்று ராத்திரி அடிபட்டு வருகிற தெருநாய்க்கு அது கிடைக்கிறது. தெருவில் பிறந்த நாய்க்கு ரோடு கடக்கத் தெரியும், எந்த டீக்கடையில் பிஸ்கட் கிடைக்கும், எந்தத் தெருவுக்குள் போனால் மற்ற நாய்கள் குதறும் என்று தெரியும். லேப் எதுவும் தெரியாமல் ஜிஎஸ்டி ரோட்டின் நடுவில் நிற்கும், நின்று வாலாட்டும்.

நாட்டு இனங்களை வளர்க்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசின பிறகு இந்த நாய்களைப் பற்றிச் சென்னை, பெங்களூர்க்காரர்களெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். 2005-லேயே தபால்தலையில் வந்த நாய் ராஜபாளையம், நமக்கெல்லாம் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கரிசல் காட்டில் முயல் பின்னால் பறந்த நாயின் பேரக்குட்டி சிப்பிப்பாறை, அதை எட்டுக்குப் பத்து பால்கனியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருநாள் கதவு திறந்த நொடியில் ஓடும், ஓடினால் பைக்கில் போனாலும் பிடிக்க முடியாது. ராஜபாளையம் வீட்டு ஆட்களைத் தவிர யாரையும் நம்பாது, வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய் வேறெப்படி இருக்கும், இரண்டு வயதில் விருந்தாளியைக் கடித்துவிட்டது என்று எங்களிடம் கொண்டுவருவார்கள். வெள்ளை நிற நாய்களில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு, அதைச் சோதித்துப் பார்க்காமல், சொல்லாமல் விற்கிறீர்கள், வாங்கினவர் "சொன்ன பேச்சுக் கேட்கவில்லை" என்று அடிக்கிறார். லேபுக்கு நாங்கள் இருக்கிறோம். இந்த நாய்களை எடுத்து வைத்துப் பார்க்க ஆறடி மதிலும் ஓட இடமும் உள்ளவர்கள் வேண்டும், அந்த நாயின் குணம் ரத்தத்திலேயே தெரிந்தவர்கள் வேண்டும். அது நீங்கள்தான். நீங்கள் நாலு பேர் சேர்ந்தால் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் ஒரு மீட்புக் குழு தென்மாவட்டத்திலேயே உருவாகிவிடும், எங்களைவிட நூறு மடங்கு நன்றாக நடத்துவீர்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் நான் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி விற்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை ஈனவைக்கக் கூடாது, எட்டு வயதுக்கு மேலும் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. வாங்குகிறவருக்கு நாய் வளர்க்கத் தெரியுமா என்று விசாரித்துத்தான் விற்க வேண்டும், விற்ற நாய் எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? முப்பது முப்பத்தைந்து நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறீர்கள், பால் மறக்கும் முன்னால் கொடுத்தால்தான் 'குட்டி க்யூட்டாக' இருக்கும், சாப்பாட்டுச் செலவும் மிச்சம். கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் ஒரு குட்டி எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. அதைக் கற்றுக்கொள்ள விடாமல் அனுப்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து அது கடிக்கிறது என்றால் நாயின் மேலா குற்றம். கொண்டுபோன வாரமே பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகப் போய்ச் செத்த குட்டிகளின் கணக்கை நான் இங்கே எடுக்கவில்லை.

நாயை நடுத்தெருவில் விட்டவருக்கு என்ன தண்டனை என்று கேட்டால் எனக்கு அழுகைதான் வரும். 1960-ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம், முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் ஐம்பது ரூபாய் அபராதம். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் என்று கெடு வைத்தது, அது நல்ல விஷயம், இனிமேல் கைவிடப்பட்ட நாயை ஸ்கேன் செய்தால் வாங்கினவர் பெயராவது தெரியவரும். விற்றவர் பெயர் தெரியவராது. அதை நீங்களாகத்தான் தர வேண்டும்.

உங்கள் பக்கம் இருக்கிற கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியே போய்வந்த நாயைத் திரும்ப எடுத்தால் உள்ளே இருக்கிற குட்டிகளுக்குப் பார்வோ பரவும் என்பீர்கள், உண்மைதான், அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். இடமில்லை என்பீர்கள். சரி, நாயை உங்கள் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? முதல் மூன்று வாரம் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். மருத்துவச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள், உங்களிடம் குட்டி கேட்டுக் காத்திருக்கிறவர்களில் "இரண்டு வயது நாய் ஒன்று இருக்கிறது, எல்லாம் பழகினது, எடுத்துக்கொள்கிறீர்களா" என்று நாலு பேரைக் கேளுங்கள். எங்களிடம் இல்லாதது ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்த நாயின் அப்பா யார், அம்மா யார், கூடப் பிறந்தவற்றுக்கு இடுப்பு எப்படி, வலிப்பு உண்டா என்றெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னாலே டாக்டருக்கு ஒரு மாத அலைச்சல் மிச்சம். திரும்பி வருகிற நாய்களைப் பார்த்தால் எந்த ஜோடியை இனிமேல் சேர்க்கக் கூடாது என்பதும் உங்களுக்கே புரியும்.

முடியாது என்று சொல்கிறவர்களுக்காக, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாலு வயது ராஜபாளையம் ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. லேப் இல்லை, எடுக்கக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் எடுக்கவில்லை. கிட்டே போக முடியவில்லை, இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தைக் குச்சியால் தள்ளித்தான் வைத்தோம். அதன் ஊசி அட்டையின் ஓரத்தில் மங்கலாக ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டோம். விருதுநகர் மாவட்டத்துக்காரர் ஒருவர் எடுத்தார். படம் அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "அதோட அம்மா இன்னும் எங்கிட்டதான் இருக்கும்மா. நான் வர்றேன்" என்றார். மறுநாள் விடியற்காலையில் தக்காளி ஏற்றுகிற குட்டியானை வண்டியில் அண்ணன் மகனோடு வந்து இறங்கினார். நாயின் முன்னால் போய் நிற்கவில்லை, நாலடி தள்ளிப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தார், ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாய் மெதுவாக வந்து அவர் முதுகை மோந்து பார்த்தது. மத்தியானத்துக்குள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து வீடியோ அனுப்பினார், வாழைத்தோப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அது இப்போதும் அவரிடம்தான் இருக்கிறது.

அவரும் குட்டி விற்கிறவர்தான். அவர் அன்றைக்குச் செய்ததை நீங்கள் எல்லோரும் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இனிமேல் குட்டி கொடுக்கும்போது ஊசி அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் பெயர், போன் நம்பர், பதிவு எண் எழுதி, "எப்போது வேண்டுமானாலும் என்னிடம் திரும்பக் கொண்டுவரலாம்" என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே விற்ற நாய் ஏதாவது திரும்பி வந்து, என்ன செய்வதென்று தெரியாவிட்டால், உங்கள் ஊரில் இருக்கிற மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். சென்னையில் லேப் என்றால் நாங்கள் இருக்கிறோம், ராத்திரி பதினோரு மணிக்கும் போன் எடுப்போம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து, லேப்களோடு இருக்கிற ஒருத்தி